எதுக்கால நின்ன சம்பந்தி

மெதுவா உக்காருங்க அம்மிணி, இவிய முழிச்சுக்கப் போறாங்க. பையை மேல வெக்க எடமில்லைன்னா குடுங்க, என்ற மடியில வெச்சுக்கறேன். ஓசூரு வரைக்குமா? நாங்களும் ஓசூருதான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. இவியள நம்பி பஸ் ஏறுனா இந்தக் கதிதான். ஈரோட்டுல ஏறுனமா, காவேரிப் பாலம் தாண்டறதுக்குள்ள என்ற தோள்ல தலையச் சாச்சாச்சு.

யாருன்னு கேக்கறீங்களா? அக்காவா தங்கச்சியான்னு கண்டக்டர் கேட்டாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம். சம்பந்திங்க! என்ற மருமகளைப் பெத்தவங்க. பேரு தனபாக்கியம். இந்த ஒலகத்துல எனக்கு ஆகாதவங்க யாரு யாருன்னு எண்ணச் சொன்னா, மொத விரலு இவியளுக்குத்தான்.

சத்தமாச் சொல்லலைங்க. தோளு ஆடுனா முழிச்சுக்கும். தூக்கம் பத்தலைன்னா இதுக்குப் பித்தம் தலைக்கேறிரும், அப்புறம் வழி பூராம் எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வரும். எலுமிச்சம்பழம் என்ற பையில இருக்குது. இதுக்குன்னே நாலு பொறுக்கி எடுத்தாந்தேன். மறந்துட்டு வந்துருமுங்க இது. தன் மேலு, தன் சீக்கு, அதைத் தானே பாத்துக்கணும்னு ஒரு ரோசனை கெடையாது.

எங்க விட்டேன்? ஆகாதவங்க. ஆமா.

எங்க பையன் மிதுனுக்கும் இவிய பொண்ணு சிந்துஜாவுக்கும் கண்ணாலம் ஆகி மொதத் தீபாவளி. மாப்பிள்ளைய அழைச்சாங்க, மரியாதைக்கு எங்களையும் கூப்பிட்டாங்க. நாங்களும் பட்டுக் கட்டிக்கிட்டுப் போனோம். எலை போட்டாச்சு. இந்தம்மா கரண்டியக் கையில வெச்சுக்கிட்டு எம்பையன மேலயும் கீழயும் பாத்துச்சு. பாத்துப்போட்டுக் கேக்குது: "மாப்பிள்ளை எலும்பாட்ட இருக்காருங்களே, சின்னப் புள்ளையில இருந்தே இப்பிடித்தானுங்களா?"

நீங்களே சொல்லுங்க. பெத்தவ பக்கத்து எலையில உக்காந்திருக்கேன். சோறு போட்டு வளத்தலையான்னு கேட்டாப்பல ஆகுதா இல்லையா? நான் ஒண்ணும் பதிலுக்குச் சண்டை போடலைங்க. அந்தப் புத்தி எனக்கு இல்லை. ரசம் ஊத்துனாங்க, ரசத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். "ரசம் நெம்ப நல்லா இருக்குதுங்க. எங்கூட்டுல கை கழுவறதுக்குக் கோட இத்தனை தண்ணி ஊத்த மாட்டோம்." அவ்வளவுதான். அதுக்கே இந்தம்மா கரண்டியப் பாத்திரத்துல போட்ட சத்தம் இருக்குதே, தெருவுல வெடிச்ச வெடியெல்லாம் தோத்துது போங்க.

அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. ஒரே ஊரு. ஒரே காய்க்கடை. இந்தம்மா கத்திரிக்காய் பொறுக்குனா நான் வெங்காயத்துப் பக்கம் திரும்பிக்குவேன்.

நாங்க பேசாட்டிப் போகுது, புள்ளைக நல்லா இருக்கட்டும்னுதான் நெனச்சேன். கோயமுத்தூர்ல தனிக்குடித்தனம், ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. நான் எதுலயும் தலையிட மாட்டேன். காலையில ஒரு போன், மத்தியானம் ஒரு போன், பொழுதோட ஒரு போன். சாப்பிட்டியா கண்ணு, என்ன கொழம்பு, யாரு வெச்சா, அவ எப்ப எந்திரிச்சா, அவங்கம்மா போன் பண்ணுனாங்களா, பண்ணி என்ன சொன்னாங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ற நாக்கு அழுகிப் போகட்டும். பெத்தவளுக்கு இதுகோட உரிமை இல்லீங்களா?

ஆனா இந்தம்மா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? தெனமும் மகளுக்குப் போனப் போட்டு, மாமியா என்ன சொன்னா, மாமியா என்ன சொன்னான்னு தொளைச்சு எடுத்துருக்குது. அப்பிடி இருந்தா ஒரு குடும்பம் உருப்படுமுங்களா?

உருப்படலை. அந்தப் புள்ளைக ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்தாலே கடுகடுன்னு இருக்க ஆரம்பிச்சுதுக. எம்பையனும் எடுத்தெறிஞ்சு பேச ஆரம்பிச்சான், எங்கிட்டயே. எனக்கு வெசனம். வெசனம் வந்தா பிரசரு. பிரசரு வந்தா தூக்கமில்லை. தூக்கமில்லாமப் போயி முட்டியும் சேந்து வலிக்குது. டாக்டரு சொல்லிப்போட்டாரு: "ஓடாதீங்க, குதிக்காதீங்க. ஆனா சும்மாவும் உக்காராதீங்க." ஓடாம குதிக்காம உக்காராம என்னதானுங்க பண்றது? பக்கத்து ஊட்டு டீச்சர்தான் சொன்னாங்க, பெருந்துறை ரோட்டுல ஒரு மண்டபத்து மாடியில வகுப்பு நடக்குது, மேலுக்கு நோகாம ஒடம்ப அசைக்கச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு.

அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு இருக்குது, என்ற வாயில நிக்கலை. நான் மேலாட்டம்னு வெச்சுட்டேன். மேலு ஆடறது மேலாட்டம். இப்ப வகுப்புல எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.

மொத நாளு சேலைக்கு உள்ளாற சுடிதார்ப் பேண்டை மாட்டிக்கிட்டுப் போனேன். எங்கூட்டுக்காரருகிட்ட கோயலுக்குன்னு சொன்னேன். பொய் இல்லீங்க, மண்டபத்துக்குப் போற வழியில ஒரு பிள்ளையாரு இருக்காரு. ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போனேன்.

ஜெசிந்தான்னு ஒரு புள்ளை. நாகர்கோயில் பக்கம். செருப்பில்லாமதான் நிக்கோணும்னுது. கொஞ்சம் டான்ஸு, கொஞ்சம் கராத்தே, கொஞ்சம் சும்மா நின்னு தன் ஒடம்பத் தானே கவனிக்கறது. மூணையும் கலக்கிப் பாட்டுப் போட்டுச் சொல்லிக் குடுக்குது. சட்டம் ஒண்ணே ஒண்ணுதானாம். "வலிச்சா நிறுத்துங்கம்மா. சுகமா இருந்தா அந்தப் பக்கம் போங்க."

சுகமா இருந்தா அந்தப் பக்கம் போறதா! எனக்கு இத்தனை வயசுக்கு அப்பிடி ஒரு பேச்ச யாரும் சொன்னதில்லை அம்மிணி. சுகமா இருக்குதா, அப்ப எந்திரிச்சு வேலையப் பாருன்னுதான் சொல்லியிருக்காங்க.

கண்ணை மூடி நிக்கச் சொல்லுச்சு. "பாதம் தரையில படறது தெரியுதா? இடது கால் சுண்டுவிரல் எங்க இருக்கு? அதுகிட்டப் பேசுங்க." சுண்டுவிரல் ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்து போச்சுங்க. கட்டில் கால்ல இடிச்சாத்தான் ஞாவகம் வரும். சரின்னு உள்ளுக்குள்ளயே கேட்டேன், ஏஞ்சாமி, சௌக்கியமான்னு. சிரிக்காதீங்க! அது அசைஞ்சுது. நெசமாலும் அசைஞ்சுது. எனக்குப் புல்லரிச்சுப் போயி, யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு கண்ணைத் தொறக்கறேன், எதுக்கால இந்தம்மா நிக்குது!

எப்பிடி நிக்குதுங்கறீங்க? மகளோட பழைய டீ-சட்டையப் போட்டுக்கிட்டு. நெஞ்சுல ஒரு பாண்டாக் கரடி. கரடி என்னையப் பாக்குது, இந்தம்மாவும் பாக்குது. கட்டுன பட்டைக் கசங்காம மடிச்சு வெக்கற பொம்பளை, மண்டபத்து மாடியில கரடிச் சட்டையோட வெறுங்கால்ல நின்னா எப்பிடி இருக்கும்? எனக்குச் சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள நான் சேலைய அவுத்து ஒரு ஓரமா வெச்சுப்போட்டுச் சுடிதாரோட நிக்கறது ஞாவகம் வந்துது. சிரிப்பு இருந்த எடம் தெரியலை.

ஓடிரலாம்னுதான் பாத்தேன். ஆனா நான் போனா அது ஜெயிச்சாப்பல ஆகீருமே? அதுவும் அப்பிடித்தான் நெனச்சுதாம், பொறகு சொல்லுச்சு. ரெண்டு பேரும் போகலை. அந்த மூலையில அது, இந்த மூலையில நான்.

இடுப்பால எட்டுப் போடுங்கன்னு சொல்லும் ஜெசிந்தா. டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டுப் போடறமே, அதாட்ட, இடுப்பால. மொதல்ல எனக்கு எட்டு வரலை, கோணமாணலா ஒரு ஏழுதான் வந்துது. ஓரக்கண்ணால பாத்தா இந்தம்மா போடுது பாருங்க எட்டு, நெளிவு சுளிவா, ரெட்டைச் சுழி. எனக்கு வயித்தெரிச்சல். ஊட்டுக்கு வந்து கிரைண்டர் ஓடற சத்தத்துல, எங்கூட்டுக்காரரு பாக்காதப்ப, சமையக்கட்டுல நின்னு எட்டுப் போட்டுப் பழகுனேன். ஒரு நாளு பாத்துப்போட்டாரு. "துளசிமணி, இடுப்புல ஏதாச்சும் புடிச்சுக்கிச்சா?"ன்னு தைலத்தை எடுத்தாந்தாரு. நல்ல மனுசன், பாவம்.

இப்பிடிப் போயிட்டிருக்கறப்பத்தான் ஒரு பொழுதோட எம்பையன் போன் பண்ணுனான். அவனாப் பண்ண மாட்டான், நான்தான் பண்ணுவேன். அவனே பண்றான்னதும் எனக்குத் திக்குன்னுது. "சிந்துஜா ஹாஸ்டலுக்குப் போயிட்டாம்மா. தனியா இருந்து யோசிக்கணுமாம்"னான். ஏன்டா கண்ணுன்னேன். "போனை வெய்யிம்மா"ன்னு சொல்லிப்போட்டு அவனே வெச்சுட்டான்.

அன்னைக்கு ராத்திரி எனக்குக் கஞ்சி எறங்கலைங்க. கண்ணாலத்துக்கு வந்த சனம் பூராம் கண்ணு முன்னால வந்து நிக்குது. எல்லாம் இவளால, இந்தத் தனபாக்கியத்தாலன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில வகுப்புக்குப் போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். கால் தன்னப்போலப் போயிருச்சு.

அன்னைக்குன்னு பாத்து ஜெசிந்தா சொல்லுது: "இன்னைக்கு ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிர நில்லுங்க. மெதுவாக் குத்து விடணும். எதிர்ல இருக்கறவங்க மேல படக் கூடாது, ஒரு சாண் முன்னாலயே நிறுத்தணும். அடிக்கறது பெரிசில்லம்மா, நிறுத்தறதுதான் பெரிசு. நிறுத்தும்போது வயித்துல இருந்து ஒரு சத்தம் வரட்டும். ஹா-ன்னாலும் சரி, வேற என்ன வார்த்தை வந்தாலும் சரி."

எல்லாரும் சோடி சேந்துக்கிட்டாங்க. மிச்சம் நின்னது நானும் கரடியும்.

மொதக் குத்து எனக்கு. ஹா-ன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வந்ததென்னமோ வேற.

"எலும்பு!"

மண்டபமே திரும்பிப் பாத்துச்சு. இந்தம்மா மூஞ்சி செவந்து போச்சு. கைய மடக்கிக்கிட்டு, மெதுவா, ஆனா எப்பிடி வருதுங்கறீங்க, அம்மிக்கல்லு உருண்டு வராட்ட வந்து, என்ற மூக்குக்கு முன்னால நின்னுது.

"ரசம்!"

"பாயசம்!"ன்னேன் நான். கண்ணாலத்துல எங்க சனத்துக்குப் பாயசம் தீந்து போச்சு, அது எனக்கு இன்னும் ஆறலை.

"தாம்பூலப் பை!"ன்னுது அது.

"மொதப் பந்தி!"

"மேளக்காரன்!"

"உங்க தம்பி!"

"உங்க அண்ணன்!"

சோடி சோடியா நின்ன மத்தவங்களுக்கும் சூடு பிடிச்சுக்கிச்சுங்க. பேங்குல இருந்து ரிட்டையர் ஆன ஒரு அம்மா, வாயே தொறக்காது, அது "நாத்தனாரு!"ன்னு கத்துது. இன்னொண்ணு "மோட்டாரு! மோட்டாரு!"ங்குது, மேல் ஊட்டுக்காரங்களோட தண்ணிச் சண்டையாமா. ஒரு பொண்ணு "கேஸு சிலிண்டரு!" ஜெசிந்தா பாட்டை நிறுத்திப்போட்டு வாயப் பொத்திக்கிட்டு நிக்குது. எனக்கு மேலெல்லாம் சூடு, வேர்வை, ஆனா முட்டி வலிக்கலை அம்மிணி! அந்தக் குத்து வயித்துல இருந்து கெளம்பி, நெஞ்சு, தோளு, கையின்னு வருது பாருங்க, அது வர்ற வழியெல்லாம் எனக்குத் தெரியுது. யாரோ உள்ளுக்குள்ள லைட்டைப் போட்டாப்பல.

அந்த வேகத்துலதான் கத்தீட்டேன்.

"ஹாஸ்டலு!"

என்ற கை இந்தம்மா மூஞ்சிக்கு ஒரு சாண் முன்னால நின்னுது. இது திருப்பிக் கத்தலை. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. மடக்குன என்ற கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு.

"எம்புள்ளை அங்க என்னத்தத் திங்கறாளோ சம்பந்தி..."

தீபாவளிக்கப்புறம் அதுதான் மொதப் பேச்சு.

"எம்பையன் மூணு வேளையும் பன்னுதான் திங்கறானாமுங்க"ன்னேன் நான்.

அப்ப இந்தம்மா கண்ணுல இருந்து ஒரு சொட்டு, நேரா அந்தக் கரடி மூக்குல உழுந்துது பாருங்க. கரடிக்குச் சளி புடிச்சாட்ட. எனக்குப் பொத்துக்கிச்சு. இது குனிஞ்சு கரடியப் பாத்துச்சு, இதுக்கும் பொத்துக்கிச்சு. அழுகறமா சிரிக்கறமான்னு எங்களுக்கே தெரியலை. நிக்க முடியாம அப்பிடியே தரையில உக்காந்து, அப்புறம் படுத்து, வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருண்டோம். நான் சிரிக்கலைன்னே வெச்சுக்குங்க, எனக்கு மூச்சுப் பிடிப்பு. ஜெசிந்தா என்ன பண்ணுச்சு? "அருமை, இப்ப எல்லாரும் இவங்களாட்டமே தரையில உருளுங்க"ன்னு சொல்லிப்போட்டுது. ஈரோட்டுல பாதி குடும்பப் பொம்பளைக மண்டபத்து மாடியில உருண்டதுக்கு நாங்கதான் காரணம்.

அதுக்காக ராசியாயிட்டோம்னு நெனைச்சுக்காதீங்க. இவியளோட ராசியாறது நடக்காத காரியம். வகுப்பு முடிஞ்சு கீழ எறங்குனா வேர்வைக்கு ஒரு காப்பி குடிக்கோணும், ஒரே கடைதான் இருக்குது, அதனால சேந்து குடிப்போம். இதுக்குச் சர்க்கரை ஆகாது, கடைக்காரன் மறந்து போட்டுருவான், அதனால நான்தான் சொல்லி வாங்கறது. பொறகு இதோட ஸ்கூட்டியில என்னைய ஊட்டுல எறக்கி உடும். தனியா வந்தா இது நெம்ப வேகமா ஓட்டுமுங்க, பொறத்தால ஒருத்தர் உக்காந்து அதட்டுனாத்தான் சரியா வரும். அதுக்குத்தான் ஏறறேன். சாயங்காலம் இவிய மொட்டை மாடி நல்லாக் காத்தோட்டம். போனுல ஜெசிந்தா அனுப்பற பாட்டப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஆடிப் பாப்போம். இருட்டற வரைக்கும்.

எங்கூட்டுக்காரரும் இவிய ஊட்டுக்காரரும் இப்ப ஒரே மெஸ்ஸுல சாப்பிடறாங்க. ரெண்டு பேருக்கும் நல்ல சிநேகிதம் ஆகீருச்சு. என்ன காரணம்னு தெரியலை, ஆம்பளைக பாருங்க, சுலபமாச் சேந்துக்கறாங்க.

இதுக்கு நடுவால எம்பையனுக்குப் போன் பண்ணவே நேரம் வாய்க்கலை. காலையில பண்ணலாம்னா வகுப்பு, மத்தியானம் பண்ணலாம்னா அசந்து தூக்கம் வருது, பொழுதோட பண்ணலாம்னா மாடி. மூணு நாளைக்கு ஒருக்கா, அப்புறம் வாரத்துக்கு ஒருக்கான்னு ஆகிப் போச்சு. இந்தம்மாவும் அதே கதை. வெசனமா இருந்துது. ஆனா என்ன பண்றது? அந்த நேரம் பாத்து குருப் பெயர்ச்சி வந்துது. கொடுமுடியில ஒரு பரிகாரம் பண்ணுனோம், ரெண்டு பேரும் ஸ்கூட்டியிலயே போய். அதுதான் வேலை செஞ்சுது. எப்பிடிச் சொல்றேன்னா, கேளுங்க.

ஒரு ஞாயித்துக்கெழமை. வகுப்புல ஊருக்கு ஆடிக் காட்டறதா ஏற்பாடு, அதுக்கு ஒத்திகை. குத்து, தடுப்பு, ஒரு சுத்து, முட்டி ஒசரத்துக்கு ஒரு ஒதை, மறுக்கா குத்து. நானும் இந்தம்மாவும்தான் முன்னால. அதே நேரம் மிதுனும் சிந்துஜாவும் சொல்லாமக் கொள்ளாமக் கார்ல எங்கூட்டுக்கு வந்துருக்குதுக. ஊட்டுல எங்கூட்டுக்காரரு, "அம்மா கோயலுக்குப் போயிருக்கா"ன்னு அனுப்பியிருக்காரு. பிள்ளையார் கோயல் முன்னால பூ விக்கற பொம்பளைகிட்டக் கேட்டா, அவ சொல்றா: "ரெண்டு சம்பந்திகளா? தெனமும் அந்த மண்டபத்து மாடியில போயி அடிச்சுக்குவாங்களே, சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். போய்ப் பாருங்க."

புள்ளைக எப்பிடி ஓடி வந்திருக்கும்! படியேறி வந்து கதவத் தொறக்கறாங்க, நான் "எலும்பு!"னு கத்திக்கிட்டு இவிய மூஞ்சிக்குக் குத்து உடறேன், இது "ரசம்!"னு கத்திக்கிட்டுப் பதில் குத்து உடுது. அந்த வார்த்தைதான் எங்களுக்கு இப்பப் பழக்கம், அதுல கோவமே இல்லீங்க, தாளத்துக்கு ஒக்காந்துக்குது. எம்பையனுக்கு அது தெரியுமா? "அம்மா! விடும்மா! அத்தை, விடுங்க!"ன்னு கும்புட்டுக்கிட்டே நடுவால பாஞ்சான். அவன் இருந்த எடத்துல யாரும் இருக்கக் கூடாது. குத்து போய் மூக்குல நின்னுது. என்ற குத்துன்னு இந்தம்மா சொல்லுது, இதோட குத்துன்னு நான் சொல்றேன், இன்னிவரைக்கும் முடிவாகலை. மேலுக்கு நோகாத வகுப்புல மேலு நொந்தது எம்பையனுக்கு மட்டும்தான்.

அவன் மூக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். சிந்துஜா ஓடி வந்தா. புருசனுக்கு அடிபட்டுதேன்னு அழுகப் போறான்னு பாத்தா, அவங்கம்மா சட்டையப் பாத்தா, என்ற பேண்டைப் பாத்தா, அப்பிடியே செவுத்துல சாஞ்சு சிரிக்கறா, சிரிக்கறா, மூச்சுத் தெணறிப் போற அளவுக்குச் சிரிக்கறா. "அத்தை, நீங்க ரெண்டு பேரும்... எங்கம்மாவும் நீங்களும்..." பொறகு அவன் தலைய மடியில எடுத்து வெச்சுக்கிட்டு ஐஸ் வெச்சா. வெக்கறதைப் பாத்துத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணு வெக்கற மாதிரி இல்லையேன்னு.

"ஒண்ணாத்தான் இருக்கோம்மா, ஒரு மாசமாச்சு"ன்னான் எம்பையன், மூக்கடைப்பாவே.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லலை?"

"நீ போனே பண்ணலையேம்மா."

பாத்தீங்களா அம்மிணி! பெத்தவ போன் பண்ணலைன்னா எத்தனை ஏக்கம்! எல்லாம் கொடுமுடி ஆண்டவன் கருணை. பரிகாரம் பண்ணுன அதே வாரம் ஒண்ணு சேந்திருக்காங்க, கணக்குப் போட்டுப் பாத்தேன்.

ஆனா நல்லது நடந்தா கூடவே ஒரு கெட்டதும் வருமே. ரெண்டு பேருக்கும் ஓசூருக்கு மாத்தல். இத்தனைக்கும் வேற வேற கம்பெனி. ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே மாசத்துல, ஓசூருக்குப் போனாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னானாமா. என்ன அநியாயம் பாருங்க. கோயமுத்தூர்னா நாங்க நெனச்சா ரெண்டு மணி நேரத்துல போயிருவோம். புள்ளைகளுக்கும் வருத்தம்தான், சொல்றப்ப ரெண்டும் தலையக் குனிஞ்சுக்கிச்சு.

அதான் இப்பப் போறோம். பத்து நாளு இருந்து, சமையக்கட்டெல்லாம் சரி பண்ணிக் குடுத்துப்போட்டு வரலாம்னு. ரசப்பொடி, பருப்புப்பொடி, முறுக்கு, எள்ளுருண்டை, எல்லாம் அந்த ரெண்டு பையில. வர்றோம்னு புள்ளைககிட்டச் சொல்லலை. திடுதிப்புன்னு போய்க் கதவத் தட்டோணும், அதுகளுக்குச் சந்தோசத்துல பேச்சு வரக் கூடாது.

பாத்தீங்களா, முழிச்சுக்கிச்சு. சங்ககிரி தாண்டி வெகு நேரமாச்சுங்க சம்பந்தி, இன்னும் சித்த நேரத்துல சேலம். இந்தாங்க எலுமிச்சம்பழம். இந்தம்மிணி ஓசூருக்குத்தான் போறாங்க, சும்மா பேசிக்கிட்டு வந்தோம். உங்களப் பத்தியா? உங்களப் பத்திப் பேச என்ன இருக்குது?

என்னது? சொல்லிப்போட்டீங்களா? எப்ப? நேத்தா?

கேட்டீங்களா அம்மிணி, நாங்க வர்றதை நேத்தே மககிட்டப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டுதாம். ஒரு ரகசியம் தங்காது இதுகிட்ட. சரி, என்ன சொன்னா புள்ளை? "சரிம்மா"ன்னாளா? அப்புறம் என்ன, நல்லதுதானுங்களே? என்னமோ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறீங்க?

இல்லை இல்லை, சொல்லுங்க, கேக்கறேன்.

என்ன சொல்லுதுன்னா அம்மிணி, அந்தச் சரிம்மாவச் சொல்றதுக்கு முன்னால புள்ளை ஒரு மூச்சு விட்டாளாம். அந்த மூச்சு இதுக்கு வயித்துல வந்து இறுக்குச்சாம். வலிச்சா நிறுத்தோணும்னு ஜெசிந்தா சொல்லியிருக்குதேன்னு ராத்திரியெல்லாம் ரோசனையாம். அதனாலதான் பஸ்ஸுல தூக்கம். எனக்கொண்ணும் புரியலைங்க. புள்ளைகளப் பாக்கப் போறதுல என்ன வலி?

என்ன சம்பந்தி? ஏற்காடா?

ஐயோ, சும்மா இருங்க, இந்த வயசுல... சேலத்துல எறங்கி மாத்தி ஏறுனா மலைக்குப் போயிரலாமா? நெசமாவா? அங்க ஏரி இருக்குதா? ஏரிக்கரையில செருப்பக் கழட்டிப்போட்டு... ஆளுக நிக்க மாட்டாங்களா? நின்னா நிக்கட்டும்கறீங்களா?

அம்மிணி, என்ற நெஞ்சு அடிக்கறது உங்களுக்குக் கேக்குதா? நான் ஏற்காடு பாத்ததே இல்லீங்க. கண்ணாலம் ஆன புதுசுல கூட்டிட்டுப் போறேன்னாரு எங்கூட்டுக்காரரு, அப்புறம் அவங்கய்யனுக்கு மேலுக்கு முடியலை, அப்பிடியே போச்சு. ஆனா புள்ளைக காத்துக்கிட்டிருக்குமே? பத்து நாளைக்கு நான் வர்றேன்னு எத்தனை ஆசையா இருப்பாங்க? ஒரு வார்த்தை கேட்டுடறேன். இருங்க, போன் போடறேன். சித்த சத்தமா வெச்சாத்தான் எனக்குக் கேக்கும்.

கண்ணு, நான்தான்டா. பஸ்ஸுலதான்டா இருக்கோம். இல்லைடா, கேளு. உங்க அத்தைக்கு ஏற்காடு பாக்கோணும்னு ஆசையா இருக்குதாமா, சொன்னா கேக்க மாட்டேங்குது. அதனால நாங்க அங்க வரலை... ஆமாடா, வரலை. இந்தத் தாட்டி வரலை. அடுத்த மாசம்... அவசரமில்லையா? சரி... சரி கண்ணு... யாருடா அங்க கத்துனது? சிந்துஜாவா?

வெச்சுட்டான்.

கேட்டீங்களா அம்மிணி, அந்தச் சத்தத்தை? "ஓ!"ன்னு ஒரு கத்து. ஏதோ டம்ளர் வேற கீழ உழுந்துது. பாவம் அந்தப் புள்ளை. எத்தனை ஆசையா இருந்திருக்கறா பாருங்க. நாங்க வரலைன்னதும் தாங்கலை. அழுகறாளாட்ட இருக்குது.

சம்பந்தி, எதுக்குங்க சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுத் தோளக் குலுக்கறீங்க? நீங்களும் அழுகறீங்களா? எங்க, மூஞ்சியக் காட்டுங்க. சிரிக்குதுங்க இது! பெத்த புள்ளை அங்க அப்பிடிக் கத்துது, இதுக்குச் சிரிப்பு!

சேலம் வந்துருச்சா? எந்திரிங்க, எந்திரிங்க, அந்தப் பையை எடுங்க. அம்மிணி, இந்த முறுக்கு டப்பாவ நீங்க வெச்சுக்குங்க, மலைக்கு இத்தனை சொமை எதுக்கு? வெச்சுக்குங்க, பரவாயில்லை, இவிய சுட்டது, நல்லா இருக்கும். கண்டக்டர், எறங்கறோமுங்க! இல்லீங்க, ஓசூரு போகலை! மிச்சம் வேண்டாமுங்க, ஆளை உடுங்க!

என்ன சொல்றீங்க சம்பந்தி? நல்லா அழுகட்டும்கறீங்களா? இன்னும் சத்தமா அழுகட்டும்கறீங்களா? உங்களுக்கு மனசே இல்லீங்க. சரி, கையக் குடுங்க, எறங்கலாம்.